ஜெயரத்தினத்துக்கு முன்பே ஆன்சன்

சிங்கப்பூரில் ஆன்சன் என்று ஒரு தொகுதி இருந்ததே, அங்கே எதிர்க்கட்சிக்காரர் ஜே.பி. ஜெயரத்தினம் 1981ல் ஜெயித்தது தமிழர் ஓட்டில்தானா, அது ஓர் இடைத்தேர்தல் விபத்துதானே, பிறகு ஏன் அந்தத் தொகுதியையே காணோம் என்று மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்பதுதான் பதில். மூன்றாவதுக்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது. பலரும் கதையை 1981ல் தொடங்குகிறார்கள், அதனால்தான் விபத்து மாதிரித் தெரிகிறது. தொகுதி உருவானது 1959ல். அங்கிருந்து வந்தால் வேறு மாதிரித் தெரியும்.

ஆன்சன் துறைமுகத்தை ஒட்டிய நகரத் தொகுதி. ஆன்சன் சாலை, கெப்பல் சாலைப் பக்கம், எவர்ட்டன் பார்க், ஸ்பாட்டிஸ்வுட் பார்க், பிளேர் பிளெயின் என்று அந்த வட்டாரத்துப் பெயர்கள் போகும். மலாயா ரயில் வந்து நின்ற தஞ்சோங் பகார் நிலையமும் அந்தப் பக்கம்தான். இன்று அங்கே நடந்தால் அலுவலகக் கோபுரங்கள்தான் கண்ணில் படும். அன்று கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களும் துறைமுக ஊழியர்களும் கடைக்காரர்களும் குடியிருந்த இடம் அது. அடுத்த தொகுதி தஞ்சோங் பகார், 1955லிருந்து லீ குவான் யூவின் சொந்தத் தொகுதி. அதாவது பிரதமரின் வாசலுக்கு அடுத்த வாசலில் இருந்தவர்கள்தான் அவருடைய கட்சிக்கு இரண்டு தடவை பெரிய அதிர்ச்சி கொடுத்தார்கள்.

1959 பொதுத்தேர்தலில் மொத்தம் 51 இடங்கள், லீயின் மக்கள் செயல் கட்சிக்கு 43. ஆன்சனும் அந்த அலையோடு போனது. வென்றவர் பஹாருதீன் முகமது ஆரிஃப் என்ற மலாய்க்காரர். அதில் சொல்ல அதிகம் இல்லை. அவர் 1961ல் இறந்ததும்தான் கதை சூடு பிடிக்கிறது.

1961 ஜூலை 15 இடைத்தேர்தல். ஏப்ரலில்தான் ஹொங் லிம் தொகுதியில் ஓங் எங் குவானிடம் ஆளுங்கட்சி படுதோல்வி கண்டிருந்தது. மே மாதம் மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூரையும் மலாயாவையும் ஒன்றாக்கும் இணைப்புப் பேச்சைத் தொடங்கி வைத்தார். கட்சிக்குள் இடதுசாரிகளுக்கும் லீ அணிக்கும் இடையே உரசல் முற்றியிருந்தது. இந்தச் சமயத்தில் ஆளுங்கட்சி ஆன்சனில் நிறுத்திய ஆள் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவர் மஹ்மூத் அவாங். துறைமுகத் தொகுதிக்குத் தொழிற்சங்கத் தலைவர், அதுவும் போன தடவை மாதிரியே ஒரு மலாய்க்காரர். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான வேட்பாளர் கிடையாது. ஆனால் லிம் சின் சியோங் உள்ளிட்ட இடதுசாரித் தொழிற்சங்கத் தலைவர்கள் கடைசி நேரத்தில் அவரைக் கைவிட்டார்கள், ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்கள் எட்டுப் பேர் அவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். தொழிற்சங்க வேட்பாளரைத் தொழிற்சங்கக்காரர்களே தோற்கடித்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

எதிர்த்து நின்றவர் டேவிட் மார்ஷல். 1955ல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானவர், பாக்தாத் வழி வந்த யூதக் குடும்பம், கோர்ட்டில் அவர் வாதம் கேட்கவே கூட்டம் கூடும். 1956ல் லண்டன் பேச்சுவார்த்தை முறிந்ததும் பதவியை விட்டார், 1957ல் பாட்டாளிக் கட்சியைத் தொடங்கினார், 1959ல் சொந்தத் தொகுதியான கெய்ர்ன்ஹில்லில் தோற்றார். கதை முடிந்தது என்று எழுதப்பட்ட மனிதர் ஆன்சனில் 546 வாக்குகளில் வென்றார்.

அந்த 546 வாக்குகளின் விளைவை நம்பவே முடியாது. முடிவு வந்த இரண்டு நாளில் லீ பதவி விலகத் தயார் என்று கட்சித் தலைவர் தோ சின் சாய்க்குக் கடிதம் கொடுத்தார். ஜூலை 21 விடிகாலையில் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. 51 பேரில் 27 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு, 16 பேர் நடுநிலை. நடுநிலை வகித்தவர்களில் 13 பேர் ஆளுங்கட்சிக்காரர்கள். அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஆகஸ்டில் பாரிசான் சோசலிஸ் என்ற இடதுசாரிக் கட்சி பிறந்தது. சிங்கப்பூர் அரசியலை இரண்டாகப் பிளந்த சம்பவம் எது என்று கேட்டால் மலேசிய இணைப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். காரணம் இணைப்புதான், ஆனால் கதவு உடைந்தது ஆன்சனில்.

மார்ஷலுக்கு அது நிலைக்கவில்லை. 1963 ஜனவரியில் தன் கட்சியோடேயே முறித்துக்கொண்டார், அந்த ஆண்டு செப்டம்பர் பொதுத்தேர்தலில் சுயேச்சையாக அதே ஆன்சனில் நின்று வைப்புத்தொகையைக்கூட இழந்தார். இரண்டு வருஷம் முன்பு தலையில் தூக்கி வைத்தவர்கள்தான் அப்படிச் செய்தார்கள். ஆன்சன்காரர்கள் ஆளுக்கு ஓட்டுப் போடுகிறார்களா, நேரத்துக்கு ஓட்டுப் போடுகிறார்களா என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. என் கணிப்பு இரண்டாவது. பொதுத்தேர்தல் என்றால் அரசாங்கம் யார் என்பது கேள்வி. இடைத்தேர்தலில் அரசாங்கம் கவிழாது, கோபத்தைத் தாராளமாகக் காட்டலாம்.

1963ல் வென்றவர் பெருமாள் கோவிந்தசாமி, மக்கள் செயல் கட்சித் தமிழர். எழுபதுகளின் கடைசி வரை தொகுதி அவர் கையில். தமிழ் எழுத்தாளர்கள் ஜெயரத்தினத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், ஆன்சனை அவரைவிட நீண்ட காலம் வைத்திருந்த கோவிந்தசாமிக்கு ஒரு வரிகூட ஒதுக்க மாட்டார்கள். நானும் இதோ ஒரு பத்தியோடு நகர்கிறேன். காரணம் உண்டு. 1966ல் பாரிசான் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்து வெளியேறியது, 1968ல் 58 இடங்களில் 51 இடங்களில் போட்டியே இல்லை. 1968, 1972, 1976, 1980 என நான்கு பொதுத்தேர்தலிலும் எல்லா இடமும் ஒரே கட்சிக்கு. அந்த ஆண்டுகளில் எந்தத் தொகுதிக்கும் தனிக் கதை கிடையாது.

1979 பிப்ரவரியில் ஏழு தொகுதிகளுக்கு ஒரே நாளில் இடைத்தேர்தல் நடந்தது, ஆன்சன் அதில் ஒன்று. வந்தவர் சி.வி. தேவன் நாயர். மலாக்காவில் பிறந்த மலையாளி, பிரிட்டிஷ் காலத்தில் சிறை கண்ட தொழிற்சங்கவாதி, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸை உருவாக்கியவர். சிங்கப்பூர் மலேசியாவோடு இருந்த 1964ல் கோலாலம்பூரின் பங்சார் தொகுதியில் வென்று, தீபகற்பத்தில் மக்கள் செயல் கட்சி பெற்ற ஒரே இடத்தைக் கொடுத்தவரும் இவர்தான். துறைமுகத் தொகுதிக்கு மறுபடியும் ஒரு தொழிற்சங்க ஆள், இந்த முறை பலித்தது. 1980 பொதுத்தேர்தலில் அவருக்கு 84 விழுக்காடு.

1981 மேயில் அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸ் காலமானார். அப்போது அதிபரை நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். அக்டோபரில் தேவன் நாயர் அதிபரானார், ஆன்சன் காலி. அக்டோபர் 31 அன்று வாக்குப்பதிவு.

யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த ஜெயரத்தினம், லண்டனில் சட்டம் படித்து, மாவட்ட நீதிபதியாகவும் உச்ச நீதிமன்றப் பதிவாளராகவும் இருந்துவிட்டு வெளியே வந்தவர். மார்ஷல் விட்டுப்போய்ப் பெயரளவில் கிடந்த பாட்டாளிக் கட்சியை 1971ல் கையில் எடுத்தார். 1972, 1976, 1977, 1979, 1980 என்று வரிசையாக ஐந்து தோல்வி. பெரிய மீசையும் கனத்த குரலுமாக ஒவ்வொரு தேர்தலிலும் வந்து நிற்பார், தோற்பார், அவதூறு வழக்கு வாங்குவார், மறுபடியும் வருவார்.

இங்கேதான் எண்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆளுங்கட்சி 84லிருந்து 47க்கு விழுந்தது, ஒரே வருஷத்தில் 37 புள்ளி சரிவு, ஆகவே விபத்து என்பதுதான் வழக்கமான கணக்கு. ஆனால் 1980ல் ஜெயரத்தினம் நின்ற தெலுக் பிளாங்கா, ஆன்சனுக்குப் பக்கத்துத் தொகுதி. அதே துறைமுக வட்டாரம், அதே மாதிரியான குடியிருப்புகள். அங்கே அவர் ஏறத்தாழ 47 விழுக்காடு வாங்கியிருந்தார். அதாவது அந்தப் பகுதியில் அவருடைய பலம் 16லிருந்து 52க்குத் தாவவில்லை. 47லிருந்து 52க்கு வந்தது, அவ்வளவுதான். அவரைவிடப் பலம் குறைந்த எதிரியிடம் தேவன் நாயர் வாங்கிய 84ஐ வைத்து ஆளுங்கட்சி தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டது.

முடிவு இப்படி: ஜெயரத்தினம் 7,012. மக்கள் செயல் கட்சியின் பாங் கிம் ஹின் 6,359. ஐக்கிய மக்கள் முன்னணியின் ஹர்பன்ஸ் சிங் 131. வித்தியாசம் 653. ஹர்பன்ஸ் சிங்கின் ஓட்டு முழுவதையும் ஆளுங்கட்சிக் கணக்கில் சேர்த்தாலும் தோல்வி தோல்விதான், ஆகவே ஜெயரத்தினத்துக்கு எதிரான ஓட்டு பிரிந்ததால்தான் அவர் வென்றார் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

காரணங்களில் வீட்டு விலையும் பேருந்துக் கட்டண உயர்வும் பேசப்பட்டன. ஆனால் தொகுதிக்கே உரிய காரணம் பிளேர் பிளெயின். துறைமுக ஆணையத்தின் அடுக்குமாடி வீடுகளில் அதன் ஊழியர் குடும்பங்கள் இருந்தன. கொள்கலன் முனையத்துக்கு இடம் வேண்டும், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு. எங்கே போவது? வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கு எல்லாரையும் போல வரிசையில் நில்லுங்கள் என்றால் அந்தக் குடும்பத்துக்கு அதுவரை கூரை ஏது? கப்பலில் சரக்கு ஏற்றிய ஆளிடமே, சரக்குப் பெட்டி வைக்க உன் வீடு வேண்டும் என்று கேட்டால் அவர் எந்தச் சின்னத்துக்குப் போடுவார் என்பதற்கு ஆய்வு எதுவும் வேண்டாம். ஜெயரத்தினம் அதைக் கையில் எடுத்தார். எதிரே நின்ற பாங் கிம் ஹின், முன்னாள் அமைச்சர் லிம் கிம் சானின் உறவினர், வணிகத் துறையிலிருந்து வந்த புதுமுகம். அவர் திறமை எப்படியோ, அந்தத் தொகுதிக்கு அந்த நேரத்தில் அனுப்பக்கூடிய ஆள் அவர் இல்லை. பிரசாரப் பொறுப்பு கோ சோக் டோங்கிடம் இருந்தது. பிற்பாடு பிரதமரானார், ஆகவே இந்தத் தோல்வி அவரை முடக்கவில்லை.

தமிழர் ஓட்டுக் கதைக்கு வருகிறேன். ஆன்சனில் 7,012 தமிழர் ஓட்டு இருந்திருக்க வழியே இல்லை. சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள், குடியிருப்புகளில் எல்லா இனமும் கலந்திருப்பார்கள், ஓர் இனத்தின் வாக்கை மட்டும் வைத்துத் தமிழர் ஜெயிக்கிற தொகுதி எதுவும் கிடையாது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆன்சன் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களை வரிசையாக வையுங்கள். பஹாருதீன் மலாய்க்காரர். மார்ஷல் யூதர். கோவிந்தசாமி தமிழர். தேவன் நாயர் மலையாளி. ஜெயரத்தினம் யாழ்ப்பாணத் தமிழர். தொகுதி உருவானதிலிருந்து மறைந்தது வரை ஒரு தடவைகூட ஒரு சீனர் அங்கே வென்றதில்லை. 1981ல் சீன வேட்பாளர் தோற்றார், 1984லும் சீன வேட்பாளர் தோற்றார். கட்சி எது, நேரம் எது என்றுதான் அந்த மக்கள் பார்த்திருக்கிறார்கள். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1988க்கு வரும்போது வேண்டும்.

1984 டிசம்பர் பொதுத்தேர்தல்தான் உண்மையான பரீட்சை. விபத்து என்றால் பொதுத்தேர்தலில் சரியாகிவிட வேண்டும், மார்ஷலுக்கு அப்படித்தான் ஆனது. ஜெயரத்தினமோ 9,909 வாக்குகள் வாங்கினார், எதிர்த்து நின்ற இங் போக் டூவுக்கு 7,533. கிட்டத்தட்ட 57 விழுக்காடு. அந்த ஆண்டு பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் பட்டதாரித் தாய்மார் திட்டம், மத்திய சேம நிதியை எடுக்கும் வயதை உயர்த்தும் யோசனை என்று நாடு முழுக்கவே கசப்பு இருந்தது, பொத்தோங் பாசிரில் இன்னோர் எதிர்க்கட்சிக்காரரான சியாம் சீ டோங்கும் வென்றார். அதற்குச் சில மாதம் முன்புதான் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் என்ற ஏற்பாட்டை அரசாங்கம் கொண்டுவந்திருந்தது. தோற்ற எதிர்க்கட்சிக்காரர்களில் அதிக வாக்கு பெற்றவருக்கு ஓர் இடம் தருவார்கள். எதிர்க்குரல்தானே வேண்டும், அதை நாங்களே தருகிறோம், எங்கள் ஆளைத் தோற்கடிக்காதீர்கள் என்பது அதன் உட்பொருள். ஆன்சன் அந்தப் பேரத்துக்கு மசியவில்லை.

ஆக, வாக்குச்சீட்டில் அவர் ஆன்சனை இழக்கவே இல்லை. இழந்தது நீதிமன்றத்தில். கட்சியின் கணக்கு, சில காசோலைகள் பற்றிய வழக்கு அது. 1984 ஜனவரியில் நான்கு குற்றச்சாட்டுகளில் மூன்றிலிருந்து விடுவிக்கப்பட்டார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது, மறுவிசாரணை வந்தது, குற்றவாளி என்று தீர்ப்பானது. 1986 நவம்பரில் உயர் நீதிமன்றம் தண்டனையை ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்று முடித்தது. அன்றைய அரசமைப்புச் சட்டப்படி 2,000 வெள்ளியோ அதற்கு மேலோ அபராதம் விழுந்தால் நாடாளுமன்றப் பதவி போகும், ஐந்து வருஷம் போட்டியிட முடியாது. ஒரு மாதச் சிறை அவர் பதவியைப் பறிக்கவில்லை, அபராதத் தொகைதான் பறித்தது. அந்த வரம்பு 2022ல்தான் 10,000 வெள்ளியாக உயர்ந்தது. 2025ல் அதே பாட்டாளிக் கட்சியின் பொதுச் செயலாளர் பிரீதம் சிங்குக்கு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 7,000 வெள்ளி அபராதம் விழுந்தும் பதவி தப்பியதற்கு இந்தத் திருத்தமே காரணம்.

வழக்கறிஞர் தொழிலிலிருந்தும் அவரை நீக்கினார்கள். அதுவே அவருக்கு ஒரு வழியைத் திறந்தது. குற்றவியல் தீர்ப்பை எதிர்த்து, அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போக அவருக்கு வழியில்லை, ஆனால் தொழில் நீக்கத்தை எதிர்த்துப் போகலாம். போனார். 1988 அக்டோபரில் பிரிவி கவுன்சில் அவரை மறுபடியும் வழக்கறிஞராகச் சேர்க்கச் சொன்னதோடு, அவருக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது, செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டிருக்கிறார் என்றும் எழுதியது. ஆனால் குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது, மன்னிப்புக் கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. எப்படியும் அதற்கு முந்தைய மாதமே பொதுத்தேர்தல் முடிந்திருந்தது.

நடுவில் ஆன்சன் மக்களுக்கு என்ன ஆயிற்று? 1986 நவம்பரிலிருந்து 1988 செப்டம்பர் வரை உறுப்பினரே இல்லை. இடைத்தேர்தல் நடத்தவில்லை. அரசமைப்பில் அதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை. ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். 1986 டிசம்பரில் அமைச்சர் தே சியாங் வான் இறந்து கேலாங் வெஸ்ட் காலியானபோது அங்கேயும் நடத்தவில்லை, அது ஆளுங்கட்சித் தொகுதி. ஆகவே ஆன்சனுக்கு மட்டும் தனி விதி என்று சொல்ல முடியாது. ஆனால் 1961ஐயும் 1981ஐயும் பார்த்த ஒரு கட்சிக்கு, ஆன்சனில் மூன்றாவது இடைத்தேர்தல் நடத்த ஆசை இருந்திருக்கும் என்று நான் நம்பத் தயாரில்லை. காலக்கெடு இல்லாத இந்த விஷயம் பின்னால் ஹவ்காங் தொகுதி காலியானபோது நீதிமன்றம் போனது. வழக்குப் போட்டவர் அந்தத் தொகுதிவாசியான ஒரு தமிழ்ப் பெண், துப்புரவு வேலை பார்த்தவர். நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும், பிரதமருக்கு வரம்பற்ற விருப்புரிமை இல்லை என்று 2013ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆன்சனுக்கு அது கால் நூற்றாண்டு தாமதம்.

1988ல் எல்லை மாற்றினார்கள், ஆன்சன் பெயர் பட்டியலில் இல்லை, அக்கம்பக்கத் தொகுதிகளில் கரைந்தது. சிங்கப்பூரில் ஒவ்வொரு தேர்தலுக்கும் எல்லை மாறும், பெயர்கள் மறையும், இது ஒன்றும் உலக அதிசயமில்லை. நகர மையத்தில் ஆட்கள் குறைந்தார்கள் என்பதும் ஒரு விளக்கம். ஆனால் 1981ல் 13,502 வாக்கு எண்ணப்பட்ட தொகுதியில் 1984ல் 17,442 எண்ணியிருக்கிறார்கள். ஆள் இல்லாமல் கலைந்த தொகுதி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அதே 1988ல்தான் குழுத்தொகுதி முறை வந்தது. மூன்று பேர் ஓர் அணி, அதில் ஒருவராவது சிறுபான்மையினர். தனித்து நின்றால் சிறுபான்மை வேட்பாளர்கள் வெல்வது கடினமாகிவிடும், நாடாளுமன்றத்தில் மலாய்க்காரரும் இந்தியரும் இல்லாமல் போய்விடக்கூடும் என்பது அரசாங்கத்தின் வாதம். அந்தக் கவலை முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை, இன உணர்வு எந்த ஊரில் இல்லை? ஆனால் ஒரு சீனரைக்கூட அனுப்பாமல் ஐந்து சிறுபான்மையினரை அனுப்பிய தொகுதி, அந்தச் சட்டம் வந்த ஆண்டில்தான் வரைபடத்திலிருந்து போனது. மேலே வைத்துக்கொள்ளச் சொன்ன வரிசை இதற்குத்தான்.

ஆன்சன் கற்றுக்கொடுத்த இடைத்தேர்தல் கணக்கை எதிர்க்கட்சிகளும் மறக்கவில்லை. 1991 பொதுத்தேர்தலில் பாதிக்கும் குறைவான இடங்களில் மட்டும் நின்று, ஆளுங்கட்சியின் ஆட்சி வேட்புமனு நாளிலேயே உறுதியாகும்படி விட்டார்கள். சியாம் சீ டோங்கின் யோசனை அது. அரசாங்கம் பத்திரம், இனி தைரியமாக எங்களுக்குப் போடுங்கள் என்றார்கள். நான்கு இடம் கிடைத்தது. பொதுத்தேர்தலையே இடைத்தேர்தலாக மாற்றிப் பார்த்த வித்தை. ஜெயரத்தினத்தின் தடை தேர்தலுக்குச் சில மாதம் கழித்துத்தான் முடிந்தது, ஆகவே அவரால் நிற்க முடியவில்லை. ஆன்சனுக்குப் பிறகு அவர் எந்தத் தொகுதியையும் வெல்லவில்லை. 1997ல் செங் சான் குழுத்தொகுதியில் தோற்று, தொகுதியில்லா உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் வந்தார், 2001ல் அவதூறு வழக்குகளால் திவாலாகி அதையும் இழந்தார், 2008ல் காலமானார்.

ஆன்சன் வாக்காளர்களைப் பொறுத்தவரை, பழைய தொகுதியின் பெரும்பகுதி தஞ்சோங் பகார் பக்கம் போயிற்று. 1991ல் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியானது, அணித் தலைவர் லீ குவான் யூ. 1991, 1997, 2001, 2006, 2011 என்று ஐந்து பொதுத்தேர்தலிலும் அங்கே போட்டியே இல்லை. நாடாளுமன்றத்துக்கு யாரை அனுப்புவது என்று குழுத்தொகுதி மக்கள் முதன்முதலாக வாக்குச்சீட்டில் கோடு போட்டது, லீ மறைந்த 2015ன் செப்டம்பரில்தான்.